கம்பி = இல்லை

காலையில் எழுந்தபோது வலது கை அவளுடையதாகவே இல்லை. தலைக்கு மேலே தூக்கினால் காதுப் பக்கம் வந்ததும் தோள்பட்டைக்குள் எதுவோ மாட்டிக்கொண்டு, சுளீரென்று கழுத்து வரைக்கும் இழுத்தது. சீப்பை இடது கையில் எடுத்துக்கொண்டு போய், அக்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"ஏசி ரூம்ல உக்காந்து மவுஸை உருட்டுறவளுக்குத் தோள்வலியாம்," என்றாள் அக்கா. "நாள் முழுக்க நின்னு ஈரப் போர்வைய உதறுறவ இவளுக்குத் தலை வாரி விடணுமாம். நல்லா இருக்குடி உன் நியாயம்."

"நானும் உதறினவதான். அங்க வாங்கினதுதான் இது."

"வாங்கினதை அங்கயே வச்சிட்டு வர்றதுக்கு என்ன? மாடி வரைக்குமா தூக்கிட்டுப் போவாங்க?"

அக்காவின் விரல் கழுத்தில் படும்போது வழவழவென்று இருக்கும். ரேகை இல்லாத விரல்கள். சூட்டுத் துணியைத் தொட்டுத் தொட்டு எல்லாம் தேய்ந்துபோயிற்று. விரல் வைத்தால் திறக்கிற போனை ஆசையாக வாங்கினாள். அந்தப் போன் இன்றைக்கு வரைக்கும் அவளை வேறு யாரோ என்றுதான் சொல்கிறது.

இரண்டு பேருக்கும் ஒரே ஆலையில்தான் வேலை. ஆஸ்பத்திரியிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் அழுக்குப் போர்வைகள் லாரி லாரியாக வந்து இறங்கும். ரத்தம், வாந்தி, சிந்தின சாப்பாடு, எல்லாம் அதில் இருக்கும். பெரிய டிரம்களில் துவைத்துப் பிழிந்து, மலைபோல ஈரமாக இஸ்திரி லைன்களுக்குத் தள்ளிவிடுவார்கள். எட்டு லைன். ஒவ்வொரு லைனின் வாயிலும் இரண்டு பெண்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, ஓரத்தை உருளைக்குக் கொடுக்க வேண்டும். கொதிக்கிற உருளை அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் காய்ந்து மடிந்து வெளியே வரும்.

உருளைக்குத் துணி எது, கை எது என்று தெரியாது. அதற்காகத்தான் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு காப்புக் கம்பி. கை அதில் பட்டால் லைன் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மற்ற ஏழு லைனுக்கும் கம்பி உண்டு. நாலாம் லைனுக்கு மட்டும் இல்லை. வெயில் காலத்தில் துணி வண்டி ஒன்று இடித்து, கம்பி வளைந்து, கழன்று விழுந்துவிட்டது. மெக்கானிக் உடனே புதுக் கம்பி கேட்டார். மேனேஜர், "சொல்லிருக்கேன், வந்துரும்," என்றான். "அதுவரைக்கும் லைன் நிக்கக் கூடாது. கம்பிக்குப் போற வயரை நேராக் கட்டி, கம்பி இருக்கிற மாதிரியே ஓட்டுங்க."

மெக்கானிக் கட்டினார். கட்டிவிட்டு, கையை இழுத்துக்கொள்ள ஒரு நொடியாவது இருக்கட்டும் என்று, நாலாம் லைனின் வேகத்தை நிமிஷத்துக்கு இருபத்திரண்டு மீட்டரிலிருந்து பதினாலுக்கு இறக்கி வைத்தார். அந்த லைனில் நிற்பவள் அக்கா.

தங்கையும் அஞ்சு வருஷம் அதே லைனில் நின்றவள்தான். சாயங்காலம் படித்துப் படித்து மாடி ஆபீசுக்கு ஏறினாள். லைன் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணும்போதெல்லாம் வயரைப் பிடித்துக்கொண்டு உருளைக்கு அடியில் நுழைந்து கிடப்பாள். அதனால் கீழே எல்லாருக்கும் அவள் வயரு. இந்த ஆலைக்குக் கம்ப்யூட்டர் ஆள் அவள் ஒருத்திதான்.

*

தலைமை ஆபீஸ் புதிதாக ஒரு புரோகிராம் வாங்கியிருந்தது. அவர்களுடைய எல்லா ஆலைகளிலும் உள்ள கம்ப்யூட்டர்களை அங்கேயிருந்தே மேய்க்கிற புரோகிராம். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் அதன் ஏஜென்ட் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஷிப்ட் மாறும்போது அது எழுந்து, அந்த கம்ப்யூட்டரின் செட்டிங் ஃபைலைப் படித்து, கேட்டதை மட்டும் எடுத்து மேலே அனுப்பும். எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று ஃபில்டர் போட்டுக் கொடுப்பது வயருவின் வேலை.

இஸ்திரி லைன் ஒவ்வொன்றுக்கும் தகரப் பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர். அதில் ஒரு ஃபைல். லைனுக்கான புரோகிராமை எழுதினவன் நம்மாள். எல்லாவற்றையும் தமிழிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். சூடு=170. வேகம்=22. மடிப்பு=3. இப்படி வரிவரியாக இருக்கும். ஒரு வரிக்கு முன்னால் அரைப்புள்ளி போட்டுவிட்டால் லைன் அந்த வரியைப் படிக்காது. அது மனுஷன் படிக்கிறதுக்கு.

மெக்கானிக் அதை வால்புள்ளி என்பார். புள்ளிக்கு வால் முளைத்திருக்கிறதே, அதனால். வாயில் வந்ததையெல்லாம் வால்புள்ளி போட்டு எழுதி வைப்பது அவர் பழக்கம். எட்டாம் லைனைத் திறந்தால் இப்படி இருக்கும்:

;சூட்டைக் கூட்டாதீங்க தாயே. துணி கருகினா என்னைத்தான் வறுப்பாங்க

ஆறாம் லைனில்:

;மடிப்பை மாத்தினவன் யாருன்னு எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்

நாலாம் லைனில்:

;கம்பி இல்லை. கம்பி வராம வேகத்தை 14க்கு மேல ஏத்தாதே. மேனேஜர் சொல்லித்தான் கம்பி இல்லாம ஓடுது

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. பெட்டியைத் திறக்கிற எல்லாரும் படித்ததுதான். படித்துச் சிரித்ததுதான்.

வயரு ஃபில்டர் பக்கத்தைத் திறந்தாள். எந்த ஃபோல்டர், எந்த ஃபைல், எந்த வரி வேண்டும், எந்த வரி வேண்டாம் என்று நாலு கட்டம். முதல் இரண்டையும் நிரப்பினாள். மூன்றாவதில், எல்லா வரியும் என்று வைத்தாள். நாலாவதைச் சும்மா விட்டாள். சோதனைக்கு ஒரு தடவை ஓடவிட்டதும் எட்டு லைனின் விஷயமும் ஸ்கிரீனில் வந்து விழுந்தது. சூடும் வேகமும் வந்தன. கூடவே மெக்கானிக்கின் வசவு மொத்தமும் வந்தது.

மேனேஜர் பின்னால் வந்து நின்றதை அவன் போட்டிருந்த சென்ட் சொன்னது.

"முடிஞ்சிதாம்மா?"

"சோதனை ஓடிருக்கு சார்."

அவன் குனிந்து படித்தான். எட்டாம் லைனுக்கு லேசாகச் சிரித்தான். நாலாம் லைனுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை படித்தான் போலிருக்கிறது. அவ்வளவு நேரம் ஆயிற்று.

"இதெல்லாம் எதுக்கு?"

"குறிப்பு வரி சார். மெக்கானிக் அண்ணன் எழுதி வச்சது."

"தலைமை ஆபீஸ் கேட்டது நம்பர். கதை கேக்கல."

"கதை இல்ல சார், காரணம். நம்பர் மட்டும் போச்சுன்னா நாலாம் லைன்ல வேலை திருடுறாங்கன்னுதான் நெனைப்பாங்க."

"ஃபில்டர்னா என்னம்மா? வடிகட்டி. வீட்ல டீ வடிகட்டினது இல்லையா நீ? சாறு இறங்கணும், சக்கை மேல நிக்கணும்."

"எது சக்கைன்னு யாரு சார் சொல்றது?"

"டீ குடிக்கிறவங்க சொல்லுவாங்க." நாலாவது கட்டத்தின் மேல் விரலை வைத்தான். அங்கே ஏற்கெனவே தயாராக ஒரு வரி இருந்தது: குறிப்பு வரிகளைச் சேர்க்காதே. பக்கத்தில் டிக் வைக்கச் சின்னச் சதுரம். "இதுல ஒரு டிக். முடிஞ்சிது வேலை."

வயரு மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அவன் குரலை இறக்கினான். "உங்க அக்கா அந்த லைன்லதானே? வேணும்னா மடிக்கிற பக்கம் போட்டுத் தரேன். கம்பி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

"அப்ப அந்த எடத்துல வந்து நிக்கிறவ யாரோட அக்கா சார்?"

"பேச்சு நல்லா வருது."

"டிக்கை நீங்களே வச்சிக்குங்க." மவுஸை அவன் பக்கம் தள்ளினாள். தள்ளின வேகத்தில் அது மேஜை ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

அவன் எட்டிப் பிடித்து, நிதானமாக, பொத்தானை ஒரு தரம் அழுத்தினான். ஸ்கிரீனிலிருந்து மெக்கானிக்கின் வரிகள் எல்லாம் ஒரே நொடியில் காணாமல்போயின. எட்டு லைன், எட்டு வேகம். ஏழு இருபத்திரண்டு, ஒரு பதினாலு. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"பாத்தியா? எவ்வளவு சுத்தமா இருக்கு."

அவன் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. டிக் வைத்தது அவன் கை. ஆனால் உள்ளே நுழைந்திருப்பது அவள் பெயர். கம்ப்யூட்டருக்கு மேனேஜரைத் தெரியாது. கேட்டால் வயருதான் வைத்தாள் என்று சொல்லும். பல்லைக் கடித்ததில் காது வரைக்கும் வலித்தது. தோள்வலியை மறந்தே போனாள்.

கீழே போய் மெக்கானிக்கிடம் சொன்னாள். அவர் ஏழாம் லைனுக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. கால்தான் பதில் சொன்னது.

"வால்புள்ளி போகாதா?"

"போகாது அண்ணே. வடிகட்டிட்டாங்க."

"வடிகட்டியாம் வடிகட்டி. இவனுங்களே வடிகட்டின முட்டாளுங்க. இவனுங்களுக்கு எதுக்கு இன்னொரு வடிகட்டி?" ஸ்பேனர் எதன் மேலோ டங்கென்று விழுந்தது. "போகட்டும் விடு. காரணம் கேட்டு என்னைக் கூப்பிடாமயா இருப்பாங்க? கூப்பிட்டா சொல்லிட்டுப் போறேன்."

"புதுக் கம்பி என்னதான் ஆச்சு?"

"எங்க வரும்? அதுவே கம்பி நீட்டிடுச்சு."

தன் பகடிக்குத் தானே சிரித்தார். கால் இரண்டும் குலுங்கின.

*

யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை டீ இடைவேளையில் லைன்கள் எல்லாம் நின்றிருந்தன. வயருவின் அறைக்கும் மேனேஜர் அறைக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. மேனேஜர் போனில் பேசுவது அப்படியே கேட்டது.

"ஆமா சார், நாலாம் லைன்... பதினாலுதான் காட்டுது... காரணமா?" ஒரு கணம் நிறுத்தினான். தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் நிமிர்ந்து பார்த்ததை அவனும் பார்த்தான். பார்த்துக்கொண்டே சொன்னான்: "காரணம் ஒண்ணும் இல்ல சார். மெக்கானிக் அவன் இஷ்டத்துக்கு இறக்கி வச்சிருக்கான். பொம்பளைங்களுக்கும் அது வசதியாப் போச்சு... தாராளமா சார். நீங்க அங்கேர்ந்தே மாத்திருங்க."

அவள் எழுந்து தடுப்புக் கதவைத் தள்ளினாள். "சார், பொய் சொல்லாதீங்க. கம்பி இல்லன்னு சொல்லுங்க!"

அவன் போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு, இன்னொரு கையை நாயை விரட்டுகிற மாதிரி ஆட்டினான்.

திரும்பி ஸ்கிரீனைப் பார்த்தாள். நாலாம் லைனுக்கு எதிரே சிவப்பாக இருந்த பதினாலு, அவள் கண் முன்னாலேயே பச்சையாக மாறி இருபத்திரண்டு ஆயிற்று. அந்தப் புரோகிராமால் எடுத்துப் போகவும் முடியும், கொண்டுவந்து போடவும் முடியும். லைன் ஓடிக்கொண்டிருந்தால் பரவாயில்லை, மாற்றியது அதற்குத் தெரியாது. நிறுத்தி மறுபடி ஓட்டும்போதுதான் ஃபைலைத் திறந்து படிக்கும். இப்போது நின்றுதான் இருக்கிறது.

டீ முடிந்ததற்கு மணி அடித்தது.

இரும்புப் படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கினாள். "அக்கா! கை வைக்காத!" என்று கத்தினாள். எட்டு உருளை எழும்புகிற இரைச்சலில் அது அவள் காதுக்கே கேட்கவில்லை. நாலாம் லைனின் சத்தம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. தினமும் கேட்டுப் பழகின மெதுவான உறுமல் இல்லை, சீறல்.

அக்கா போர்வையின் ஓரத்தைக் கொடுத்தாள். பதினாலுக்குப் பழகின கை, பதினாலின் கணக்கில் திரும்பிவர நினைத்தது. உருளை காத்திருக்கவில்லை. ஓரத்தோடு சேர்த்துக் கையுறையை இழுத்தது. அக்கா ஒரு காலை மெஷின் மேல் உதைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். அலறல் அப்புறம்தான் வந்தது. மெக்கானிக் எங்கேயிருந்து வந்தார் என்று தெரியாது. சிவப்புப் பொத்தானை முஷ்டியால் குத்தினார். லைன் நின்றது. கையுறை உள்ளேயே போய்விட்டது. கை வெளியே இருந்தது.

நடு விரலும் மோதிர விரலும் வெந்து, தோல் பால் ஏடு மாதிரி சுருண்டு நின்றது. ஒரு நகம் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

வயரு அழுதுகொண்டே அக்காவின் கையைத் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் பிடித்தாள்.

"அழாதடி," என்றாள் அக்கா. உதடு வெளுத்திருந்தது. "விரல் எல்லாம் இருக்கு. எண்ணிப் பாத்துட்டேன்."

மேனேஜர் இறங்கி வந்தான். கையில் ஒரு தாள். காயத்தை எட்ட நின்று பார்த்தான். பிறகு மெக்கானிக்கைப் பார்த்தான்.

"எல்லாம் உன்னாலதான். மெதுவா ஓட்டி ஓட்டி இவங்களைச் சோம்பேறியாக்கி வச்சிருக்க. சரியான வேகத்துல ஓடினதும் கை மாட்டிக்கிச்சு."

மெக்கானிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. "கம்பி எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

"யாரைக் கேட்டு வேகத்தை எறக்கினே?"

"எழுதி வச்சிருக்கேன். போய்ப் படி."

"எங்க எழுதி வச்சிருக்க? இதோ தலைமை ஆபீஸ் கணக்கு." தாளை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினான். "நாலாம் லைன், வேகம் பதினாலு. அவ்வளவுதான் இருக்கு. காரணம்னு ஒரு எழுத்து இருக்கா இதுல? இருந்தாக் காட்டு."

மெக்கானிக் தாளைப் பார்த்தார். வயருவைப் பார்த்தார். அவளால் அந்தப் பார்வைக்கு எதிரே நிற்க முடிந்தது, ஆனால் சும்மா நிற்க முடியவில்லை.

"அதை எடுத்தது நீங்க சார். உங்க கையால எடுத்தீங்க."

"உன் லாகின்ல இருக்கும்மா அது," என்றான், ரொம்ப மரியாதையாக. பிறகு மெக்கானிக்கிடம், "விசாரணை முடியற வரைக்கும் வேலைக்கு வராத. கெளம்பு," என்றான்.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். விரல் விரலாகத் துடைத்தார். ஸ்பேனர்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை வயருவின் கையில் கொடுத்தார்.

"ஏழாம் லைன்ல பெல்ட் சத்தம் போடுது. எவனாவது வந்தா சொல்லு," என்றுவிட்டு நடந்தார்.

*

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போ என்றால் அக்கா கேட்கவில்லை. கட்டுப் போட்ட கையை மார்போடு ஏந்திக்கொண்டு மத்தியானம் திரும்பி வந்துவிட்டாள். நாலாம் லைன் நின்றே கிடந்தது. சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து ஓட்டச் சொன்னான். அக்காவோடு நிற்கிற எதிர்முனைக்காரி கையைக் கட்டிக்கொண்டு, "கம்பி வரட்டும், ஓட்டுறேன்," என்றாள். ஈரப் போர்வை இடுப்பு உயரத்துக்குச் சேர்ந்து, தரையெல்லாம் தண்ணீர் ஓடியது.

வயரு தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். மெக்கானிக்கின் வரி அப்படியேதான் இருந்தது. தலைமை ஆபீஸ் வேகத்தை மட்டும் மாற்றியிருந்தது. அரைப்புள்ளி போட்ட வரியை அது சீண்டக்கூட இல்லை. அதற்குக் கீழேயே வேகம்=22 என்று திமிராக உட்கார்ந்திருந்தது.

"அண்ணன் எழுதினது இங்க இருக்கு. அங்க போகாது," என்றாள். "அந்த டிக்கை எடுக்கலாம்னு பாத்தேன். என் லாகினுக்கு ஃபில்டரை மாத்துற உரிமையப் பிடுங்கிட்டான். காலையிலயே பிடுங்கிட்டான்."

அக்கா எட்டிப் பார்த்தாள். "வால் இருந்தாப் போகாதுங்கறே."

"ஆமா."

"அப்ப எது இருந்தாப் போகும்?"

"சமக்குறி. இந்தப் பக்கம் ஒரு பேரு, அந்தப் பக்கம் ஒரு விஷயம், நடுவுல சமக்குறி. அப்படி இருந்தா எல்லாத்தையும் எடுத்துக்கும். பேரு என்னன்னு பாக்காது. மூணாவது கட்டத்துல நான் எல்லா வரியும்னுதான் வச்சேன், அவன் அதைப் பாக்கல."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. அக்காவுக்கு அதற்கு முன்னாலேயே விளங்கியிருந்தது.

"தள்ளு."

"லைனுக்கு ஒண்ணும் ஆகாது. தெரியாத பேரா இருந்தா அது கண்டுக்காது. ஆனா இதுல கை வச்சது நம்மன்னு..."

"கை வச்சதுக்குத்தான் இது," என்று கட்டைத் தூக்கிக் காட்டினாள் அக்கா. "தள்ளுடி."

நல்ல கையின் ஆள்காட்டி விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். கொம்பு எங்கே, புள்ளி எங்கே என்று மட்டும் தங்கையைக் கேட்டுக்கொண்டாள்.

கம்பி=இல்லை

தலையைச் சாய்த்து ஒரு தரம் படித்துப் பார்த்தாள். போதவில்லை. அடுத்த வரிக்குப் போனாள்.

மேனேஜருக்குத்தெரியுமா=தெரியும்

எதிர்முனைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஷிப்ட் மாறியது. ஏஜென்ட் எழுந்தது, எடுத்தது, அனுப்பியது.

வயருவின் மேஜைப் போன் அடித்தது. தலைமை ஆபீசிலிருந்து ஒரு பெண் குரல்; சின்ன வயசுதான் இருக்கும்.

"உங்க ஆலைக் கணக்குல புதுசா ரெண்டு கட்டம் வந்திருக்கு. கம்பின்னு ஒண்ணு. அது என்ன செட்டிங்? ஏழு லைனுக்குக் காலியா இருக்கு, நாலுக்கு மட்டும் 'இல்லை'ன்னு வருது."

"காப்புக் கம்பி மேடம். கை உள்ள போகாம தடுக்கிறது. ஏழு லைனுக்கு இருக்கு. நாலுக்கு இல்லை. அதனாலதான் வேகம் பதினாலா இருந்தது. நீங்க காலைல இருபத்திரண்டு ஆக்கினீங்க."

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றது.

"ரெண்டாவது கட்டம்... மேனேஜருக்குத் தெரியுமான்னு..."

"அதுவும் செட்டிங்தான் மேடம்."

"இல்ல, எங்க ரிப்போர்ட்ல நம்பர் மட்டும்தான் போடுவோம். இதை நம்பராக் குடுக்க முடியுமா?"

"முடியும். எழுதிக்குங்க. கம்பி பூஜ்யம். வெந்த விரல் ரெண்டு." சொல்லிவிட்டுக் கத்தினாள். "அந்த ரெண்டும் எங்க அக்காவுது!"

"நான்... மேல சொல்றேன்," என்று போனை வைத்தாள் அந்தப் பெண்.

சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது. மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசினான். "இல்ல சார்... சார், அது... தெரியும் சார்," என்றான். அதற்கப்புறம் வெறும் "சரி சார்". வைத்த கையோடு படியிறங்கிக் கீழே ஓடினான். வயருவும் பின்னாலேயே ஓடினாள்.

"யாருடி எழுதினது? என்ன கம்பி கட்டுற கதை இது?" மூக்குநுனி சிவந்திருந்தது. "கம்பெனி கம்ப்யூட்டர்ல கை வச்சிருக்கீங்க. அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் கம்பி எண்ண வைக்கல, என் பேரை மாத்திக்கிறேன்."

அக்கா துணி வண்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"எண்ணுறோம் சார்," என்றாள். "எண்ணுறதுக்கு முதல்ல ஒரு கம்பி வாங்கிக் குடுங்க."

மூன்றாம் லைனில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அஞ்சாம் லைனில் இன்னொருத்தி. அப்புறம் எட்டு லைனுக்கும் பரவி, ஷிப்டுக்கு வந்தவர்களும் போகிறவர்களும் கலந்து நின்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. அடிக்க முடியாதவர்கள் அடிக்கிற அடி அது. மேனேஜர் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், தண்ணீர் தேங்கின தரையில் வழுக்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

*

நாலாம் லைனின் வேகம் மறுபடி பதினாலு ஆயிற்று. தலைமை ஆபீசே ஆக்கியது. மெக்கானிக்கை வரச் சொன்னார்கள். விசாரணை என்று ஒன்று நடந்ததாகவோ முடிந்ததாகவோ யாரும் சொல்லவில்லை. தங்கள் தப்பு என்று மேலேயிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. வந்த முதல் நாளே அவர் ஏழாம் லைனுக்கு அடியில் படுத்துக்கொண்டு, பெல்ட்டை இன்னும் யாரும் பார்க்கவில்லையா என்று எல்லாரையும் ஏசினார். மேனேஜர் அதே நாற்காலியில்தான் இருக்கிறான். வயருவைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறான். ஃபில்டரில் அவன் வைத்த டிக்கும் அப்படியே இருக்கிறது. மெக்கானிக் வால்புள்ளியை விட்டுவிட்டார். எதை எழுதினாலும் இப்போது சமக்குறி போட்டுத்தான் எழுதுகிறார். ஏழாம் லைனில் பெல்ட்=அழுகிறது என்று இருக்கிறது.

அக்காவுக்குப் புது நகம் கோணலாக முளைக்கிறது. இரண்டு விரலும் முழுசாக மடங்கவில்லை. கட்டு அவிழ்த்த மறுநாளே உருளைக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். காலையில் தங்கைக்கு ஒற்றைக் கையால் பின்னிவிடுகிறாள். பின்னல் இடது பக்கமே இழுத்துக்கொண்டு போகிறது.

"உன் தோளும் என் விரலும் சேந்தாக்கூட ஒரு முழு ஆளு தேறாதுடி," என்கிறாள்.

ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் அக்கா அடித்த அந்த இரண்டு வரியும் மேலே போகின்றன. அழித்துவிடச் சொல்லி மேனேஜர் கேட்டான். கம்பி வந்ததும் அழிக்கிறேன் என்றாள் வயரு. ஆர்டர் போட்டாயிற்று, அனுமதி வரணும், அடுத்த வண்டியில் வரும் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அக்கா இன்றைக்கும் வெறும் வாய்க்குத்தான் துணி கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

நாலாம் லைனுக்கு ஒரு காப்புக் கம்பி. கம்பெனி இன்னும் தரவில்லை. அது பாக்கி.